மித்தா: பெயர் நிலைத்தது, பொருள் மாறியது

ஆண்டீஸ் மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழியில் மழைக்காலத்துக்குப் ‘பராய் மித்தா’ என்று பெயர். பராய் என்றால் மழை பெய்தல். மித்தா என்றால் பருவம், காலம், முறை. ‘இன்று உன் முறை, நாளை என் முறை’ என்று வாய்க்கால் தண்ணீருக்குச் சொல்கிறோமே, அந்த முறைதான். (நம் மிட்டா மிராசுக்கும் இதற்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமை மட்டுமே.) வந்து போய் மறுபடியும் வருவது என்பதே இந்தச் சொல்லின் உயிர்.

இன்கா பேரரசு இதைத் தன் ஆட்சிச் சொல்லாக எடுத்துக்கொண்டது. அங்கே நாணயம் கிடையாது. வரியைக் காசாக வாங்க வழியில்லை. அதனால் குடியானவன் தன் முறை வந்தபோது உழைப்பைத் தந்தான். சாலை போட்டான், மலைச்சரிவில் படிவயல் கட்டினான், படைக்கும் சுரங்கத்துக்கும் போனான். ஆள்கணக்கு கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் இருந்தது. வேலை நாள்களில் சாப்பாடும், சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளும் அரசின் பொறுப்பு. 30,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சாலைகள் இப்படித்தான் உருவாயின. இதைக் கருணை ஆட்சி என்று நான் சொல்லமாட்டேன். மறுக்க முடியாத கட்டளை அது. ஆனாலும் அரசு வாங்கியதற்கு ஈடாக ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. முறை முடிந்தவன் தன் நிலத்துக்குத் திரும்பினான்.

அந்த முறைவேலையின் சாயலை இன்றும் பார்க்கலாம். கூஸ்கோ பகுதியில் அபூரிமாக் ஆற்றின் மேல் கேஸ்வச்சாக்கா என்ற புல்பாலம் தொங்குகிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் நான்கு ஊர்க்காரர்கள் கூடி அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெண்கள் புல்லை முறுக்கி மெல்லிய கயிறு திரிக்க, ஆண்கள் அவற்றைச் சேர்த்துத் தொடை கனத்துக்கு வடம் பின்னுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பராமரிப்பு நின்றது. 2021-இல் பாலம் அறுந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் மீண்டும் கட்டினார்கள்.

இனி பொத்தோசி. இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இன்காக்களை வென்று ஸ்பானியர்கள் ஆண்ட காலம். அங்குள்ள மலையில் 1545-இல் வெள்ளி இருப்பது தெரியவந்தது. மேலாக இருந்த நல்ல தாது தீர்ந்ததும் ஆழமாகத் தோண்ட ஆள் தேவைப்பட்டது. 1573-இல் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ஓர் ஏற்பாடு செய்தார்: 16 மாகாணங்களிலிருந்து, வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் ஓராண்டு முறைவைத்துப் பொத்தோசிக்கு வர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர். இதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. மக்களுக்குப் பழகிய மித்தா என்ற பெயரையே வைத்தார்கள்.

டிட்டிகாக்கா ஏரிக்கரையிலிருந்து பொத்தோசிக்கு நடந்து சேரவே இரண்டு மாதம். மனைவி மக்களும் சுமையேற்றிய லாமாக்களும் கூடவே போனார்கள். சுரங்கத்துக்குள் மாட்டுத்தோலை முறுக்கிச் செய்த ஏணிகள். முதுகில் தாதுமூட்டை, கட்டைவிரலில் கட்டிய மெழுகுவத்தி. அந்த வெளிச்சத்தில் மேலே ஏறினார்கள். ஹோசே தெ அகோஸ்தா என்ற பாதிரியார் 1590-இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கூலி உண்டு, சாப்பாட்டுக்கே அது போதவில்லை. அந்த மலையின் வெள்ளியில் ஒரு பங்கு ஸ்பானிய நாணயமாகி, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலேறிச் சோழமண்டலக் கரையில் துணி வாங்கியது.

முறை என்றால் திரும்பி வரவேண்டுமே! பலர் திரும்பவில்லை. பலர் முறை வருமுன்பே ஊரைவிட்டு ஓடி, வேற்றூரில் ‘ஃபொராஸ்தேரோ’, அதாவது அயலார், ஆனார்கள். ஊரில் எஞ்சியவர்களுக்கு முறை இன்னும் விரைவாக வந்தது. ஆள் அனுப்ப முடியாத ஊர்கள் பணம் கட்டின. சில சுரங்க முதலாளிகள் அதில் கூலியாள் வைக்காமல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படி வராத ஆளுக்கு வழங்கிய பெயர் ‘சட்டைப்பை இந்தியன்’. ஒரு மனிதனைப் பைக்காசாகச் சுருக்கிய அந்தப் பெயரைவிடத் தெளிவான சாட்சியம் இந்த வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

1777-இல் மலைமக்களின் தலைவர் இரண்டாம் துப்பாக் அமாரு தம் மக்களுக்கு மித்தாவிலிருந்து விலக்குக் கேட்டு லிமாவில் மனுக் கொடுத்தார். மனு பலிக்கவில்லை. 1780-இல் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு அவரைக் கூஸ்கோ சதுக்கத்தில் கொன்றார்கள். ஸ்பெயினின் காதிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றம் மித்தாவை ஒழித்தது 1812-இல்.

பெயர் ஒழிந்தாலும் பழக்கம் ஒழியவில்லை. சுதந்திர பெரு நாட்டில் 1920-இல் அதிபர் லெகியா சாலைப்பணிச் சட்டம் கொண்டுவந்தார். 18 முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள் ஆண்டில் சில நாள் சாலை போட வேண்டும். காசு உள்ளவன் கட்டிவிட்டு விலகலாம். மண்வெட்டி பிடித்தவர்கள் மலைமக்கள்தான். 1930-இல் லெகியா ஆட்சி கவிழ்ந்த பிறகே அது நீங்கியது.

பொருளியலாளர் மெலிசா டெல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய மித்தா எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள ஊர்களை ஒப்பிட்டார். மித்தாவுக்கு ஆள் அனுப்பிய பக்கத்தில் இன்றைய குடும்பங்களின் நுகர்வு ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு. குழந்தைகளின் வளர்ச்சிக்குறைவு அதிகம், சாலைகளும் குறைவு. மித்தா இன்காக்களின் வழக்கம் என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கும் வரலாற்று நூல்கள் இந்த எல்லைக்கோட்டையும் சேர்த்து எழுத வேண்டும்.