கோயிலே கோட்டை: பிரெஷ்மெர் தேவாலயம்

கோட்டை அரசர்க்கே உரியது என்பது பொது வழக்கு. முடிவேந்தரும் பெரும் படையும் அருகில் இல்லாத உழவர்கள் தம் கோயிலையே அரணாக்கிக்கொண்ட வரலாற்றை உருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியிற் காணலாம். அத்தகைய அரண்களுள் தலைசிறந்த ஒன்று, பிராஷோவ் நகருக்கு அண்மையிலுள்ள பிரெஷ்மெர் கிராமத்துத் தேவாலயமாகும்.

12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹங்கேரி மன்னன் இரண்டாம் கேசா, தன் எல்லைப்புறத்தைத் திருத்திக் காத்தற்பொருட்டு ஜேர்மானியக் குடிகளை அழைத்தான். இவர் வழிவந்தோரே சாக்சனியர் எனப்பட்டனர். 1211இல் இரண்டாம் அந்திராஸ் மன்னன், பிராஷோவைச் சூழ்ந்த நிலத்தைத் தியூத்தன் வீரத்துறவியர்க்கு அளித்து, 1225இல் அவர்களை வெளியேற்றினான். அந்நூற்றாண்டிலேயே நான்கு கைகளும் ஒத்த கிரேக்கச் சிலுவை வடிவில் இத்தேவாலயம் எழுந்தது.

எல்லைநிலம் வளமுடையது, இடருமுடையது. 1241இல் மொங்கோலியரும், 15ஆம் நூற்றாண்டிலே துருக்கியரும் அந்நாட்டைச் சூறையாடினர். அரசனது உதவி சேய்மையிலிருந்தது. பகையோ வாயிலில் நின்றது. ஆகவே ஊரவர் தேவாலயத்தைச் சுற்றி ஏறத்தாழ 12 மீற்றர் உயரமான, மிகத் தடித்த மதிலை எழுப்பினர். அதன் புறத்தே நீரகழியும் அமைத்தனர். மதிலின் மேற்பகுதியிலே, பகைவரைத் தாக்குதற்குரிய புழைகளுடன் கூடிய சுற்றுவழி ஓடுகின்றது.

எனினும் இவ்வரணின் தனிச்சிறப்பு அதன் உட்புறத்திலேயே உள்ளது. மதிலின் உள்முகத்தை ஒட்டி, அடுக்கடுக்காக 270க்கு மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. மரப்படிகளும் மரநடைகளும் அவற்றை இணைக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அறை உண்டு. அமைதிக் காலத்தில் அது தானியக் களஞ்சியம். முற்றுகைக் காலத்தில் வீடு. பள்ளி அறையொன்றும் அங்கு இருந்தது. பகை சூழ்ந்த நாளிலும் பிள்ளைகளின் கல்வி தடைப்படலாகாது என அவ்வுழவர் கருதினர் போலும்! அரசர் கோட்டை அரியணையைக் காத்தது. இக்கோட்டையோ விதைநெல்லையும் வழிபாட்டையும் ஏட்டையும் ஒருங்கே காத்தது.

நெடுங்காலம் தளராது நின்ற இவ்வரண், 1611இல் திரான்சில்வேனிய இளவரசன் காபிரியேல் பாத்தோரியின் வசமாயிற்று. அதனைக் கொண்டவன் அயல்நாட்டான் அல்லன், அந்நாட்டு ஆட்சியாளனே என்பது கருதத்தக்கது.

1999இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆயின், 1989ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தின்பின் சாக்சனியருட் பெரும்பாலோர் ஜேர்மனிக்குப் பெயர்ந்தனர். படையெடுப்புக்களைத் தடுத்த மதிலால் குடிப்பெயர்வைத் தடுக்க முடியவில்லை. கல்லைப் பேணுதல் எளிது. அக்கல்லை எழுப்பிய சமுதாயத்தைப் பேணுதலே அரிது என்பதை அவ்வறைகள் உணர்த்தி நிற்கின்றன.