தமிழ் எழுத்தும் கணினிக் குறியேற்றமும்: எழுத்தலகு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த சிட்லபாக்கத்தின் பெயரைத் தமிழ் மரபுப்படி எண்ணினால் சி, ட், ல, பா, க், க, ம் என ஏழு எழுத்துகள். அதே பெயர் யூனிக்கோடு முறையில் பன்னிரண்டு குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எட்டு பிட்டுக் காலம்

எட்டு பிட்டு முறையில் 256 இடங்களே உண்டு. முற்பாதி ஆஸ்கி வழி ஆங்கிலத்திற்குரியது. எஞ்சிய 128 இடங்களில் 247 தமிழ் எழுத்துகள் அடங்கா. ஆகவே 1990களின் பிற்பகுதியில் உருவான திஸ்கி முறையும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட டாப், டாம் முறைகளும் எழுத்துகளின் வடிவத் துண்டுகளுக்கு இடமளித்தன. ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பதிவாயிற்று. ஒரு முறையில் அமைந்த கோப்பு மற்றொரு முறையின் எழுத்துருவில் சிதைந்து தோன்றியது.

இஸ்கி வழி வந்த யூனிக்கோடு

இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுச் சட்டகமாக அமைந்தது இஸ்கி. அதன் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவி, 1991இல் வெளியான யூனிக்கோட்டில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இதில் அகரமேறிய ‘க’ அடிப்படை அலகு. ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். தமிழ் இலக்கண மரபிலோ மெய்யே முதன்மை. உயிர் அதனோடு கூடியே உயிர்மெய் பிறக்கிறது. தொல்காப்பியமும் புள்ளி பெறுதலை மெய்யின் இயல்பாகக் கொள்கிறது. அகரவரிசையும் மாறியது: நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் இடம்பெற்றன.

மாற்று முயற்சி

இக்குறைகளை முன்வைத்து, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் தரும் பதினாறு பிட்டு அனைத்தெழுத்து முறை (டேஸ்16) வகுக்கப்பட்டது. இதில் சிட்லபாக்கம் 14 பைட்டில் அடங்கும். யூனிக்கோட்டின் யூடிஎஃப்-16 வடிவில் 24 பைட்டும், யூடிஎஃப்-8 வடிவில் 36 பைட்டும் வேண்டும். 2010 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு யூனிக்கோட்டைப் பொதுத் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் ஏற்றது. எனினும் டேஸ்16 தனிப்பயன் பகுதியைச் சார்ந்திருந்ததால், உலகளாவிய மென்பொருள்களின் இயல்பான ஆதரவைப் பெறவில்லை. ஒருமுறை குறியேற்றிய எழுத்தை நீக்கவோ இடம்பெயர்க்கவோ கூடாது என்பது யூனிக்கோட்டின் நிலைத்தன்மைக் கொள்கை. எனவே 1991இன் அடிப்படை அமைப்பைத் திருத்தும் வழி அடைபட்டது.

முடிவுரை

குறியெண் வேறு, எழுத்து வேறு. வரிசைப்படுத்தும் நெறிமுறைகளால் தமிழ் அகரவரிசையைப் பெறலாம். எழுத்துத் தொகுதிகளைப் பிரிக்கும் விதிகளால் ‘க்’, ‘சி’ ஆகியவற்றை ஒவ்வோர் அலகாக எண்ணலாம். அவ்விதிகளைக் கையாளாத நிரல் சிட்லபாக்கத்தைப் பன்னிரண்டு எழுத்துடையதாகக் காட்டும். யாப்பில் எழுத்தெண்ணும் கருவியும் சொல்லடைவும் அவ்வாறே பிழைபடும். ஆகவே தமிழ்த் தரவுகளைக் கொண்டு ஆய்வோர், தம் கருவி எதனை எழுத்தெனக் கொள்கிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். குறியேற்றத்தில் இழந்த மெய்யின் முதன்மையை, தமிழிலக்கணம் அறிந்து எழுதப்படும் நிரல்களே இனி மீட்டுத் தர இயலும்.