சாவி தீர்ந்த பாட்டு: ஒலிப்பதிவின் வேகம் மாறிய கதை

ஓசூர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது டைட்டன் கைக்கடிகாரம். தமிழக அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம், சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூரில் 1961 முதலே எச்.எம்.டி. கடிகாரங்கள் தயாராகி வந்தன. அந்தப் பிரிவை மூட 2016-ல் முடிவானது. எச்.எம்.டி. ஜனதா போன்றவை தினமும் சாவி கொடுக்க வேண்டியவை. டைட்டன் நம்பியது குவார்ட்ஸ் படிகத்தை. அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். சுருள்வில் போய்ப் படிகம் வந்த இதே மாற்றம் பாட்டு கேட்பதிலும் நடந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் வந்த கிராமபோன்களைக் கையால்தான் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்துவிடும்! 1896-ல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்பவர் இதற்கு ஒரு சுருள்வில் மோட்டார் செய்தார். வில் தளரத் தளர வேகம் குறையாமல் இருக்க, உள்ளே மூன்று சிறு எடைகள் சுழலும். வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து ஒரு தகட்டை இழுக்கும், தகடு உராய்ந்து வேகம் அடங்கும். ஆனால் சாவியே தீர்ந்துவிட்டால் இந்த ஏற்பாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பெண் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகி, முனகலாகி நின்றுவிடும். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும் என்ற பாடம் கிராமபோன் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கிடைத்தது.

1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1908-ல் அங்கேயே தட்டு அச்சிடும் ஆலை வந்தது. பின்னர் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற கடைகள் தமிழ்ப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. எல்லாவற்றையும் நாம் "78 தட்டு" என்கிறோம். ஆனால் தொடக்ககாலத் தட்டுகள் பலவும் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. மின் மோட்டார்கள் வந்த பிறகுதான் அந்த எண் நிலைபெற்றது. அதிலும்கூட 60 சைக்கிள் மின்சாரம் உள்ள நாடுகளில் 78.26 சுற்று, நம்மைப்போல் 50 சைக்கிள் உள்ள நாடுகளில் 77.92 சுற்று!

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். சுமார் 73 அல்லது 74 சுற்றில் பதிவானதை 78-ல் ஓட்டினால் அவ்வளவுதான். எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். அவர் குரல் எந்த உச்சத்தில் நின்றது என்பதற்கு இன்று காதால் கேட்கக்கூடிய சாட்சி அவருடைய தட்டுகள்தான். வேகம் தப்பினால் அந்தச் சாட்சியும் பொய் சொல்லும்.

இதைவிடச் சிக்கல், ஒரே பக்கத்துக்குள் வேகம் மாறுவது. மெழுகில் ஊசி கீறும்போது வெளி விளிம்பில் இழுவை அதிகம், மையத்தை நெருங்க நெருங்கக் குறைவு. பதிவு இயந்திரம் பலவீனமாக இருந்தால் அது போகப் போக வேகம் பிடிக்கும். அதைச் சீரான வேகத்தில் ஓட்டிக் கேட்டால் பாட்டு முடிவதற்குள் சுருதி சற்று இறங்கியிருக்கும். பேட்டரி டேப்ரிக்கார்டரில் இது தலைகீழாக நடக்கும். கிருஷ்ணகிரி பக்கம் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை அதில் பதிந்தால், பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடும். மறுநாள் புது பேட்டரி போட்டுக் கேட்டால் கட்டியக்காரன் குரல் மேலே ஏறிக்கொண்டே போகும்!

இந்தக் கோணலை நிமிர்த்த, அதே கோணலை எதிர்த்திசையில் கொடுக்க வேண்டும். அதாவது வேகத்தைப் படிப்படியாக மாற்ற வேண்டும். கணினியில் ஒலி என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் வினாடிக்கு 44,100 எண்கள், அதற்குத் தாளம் போடுவது மீண்டும் ஒரு குவார்ட்ஸ் படிகம். இந்த எண்களை நெருக்கியோ விலக்கியோ கணக்கிட்டால் வேகம் மாறும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானென்பர்கும் தொடங்கி, 2000-ல் வெளியான இலவச மென்பொருள் ஆடாசிட்டி. அதில் 'டைம் டிராக்' என்ற வசதி உண்டு. ஒரு கோடு வரைந்து அதை மெல்லச் சாய்த்தால் பாட்டின் வேகம் அந்தச் சாய்வைப் பின்பற்றும். 60 வினாடித் துண்டை 100 சதவீதத்தில் தொடங்கி 106-ல் முடித்தால் அது சுமார் 58 வினாடியாகச் சுருங்கும். படத்தோடு சேர்க்க வேண்டிய பாட்டென்றால் இதை மறக்கக் கூடாது.

சரி, கோட்டை எவ்வளவு சாய்ப்பது? இங்கேதான் நம் சங்கீதத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்கத்திய இசையில் பாட்டுக்கு நடுவே சுருதி நிலை மாறுவது சகஜம், அதனால் எது கோளாறு, எது இசை என்று பிரிப்பது கடினம். கச்சேரியில் சுருதிப் பெட்டியோ தம்புராவோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஸட்ஜத்தில் நிற்கும். பழைய தட்டில் அது மங்கலாகக் கேட்டால்கூடப் போதும். பத்து வினாடிக்கு ஒருமுறை ஸட்ஜத்தை அளந்து, அது எங்கே விலகியதோ அங்கே கோட்டைத் திருத்தலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் திருத்தும் கருவியைப் பயன்படுத்துவார்கள். 1966-ல் பெல் ஆய்வகத்தின் பிளானகனும் கோல்டனும் விவரித்த 'பேஸ் வோகோடர்' முறையில் வளர்ந்த நுட்பம் அது. அருமையான நுட்பம்தான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தல்ல. தட்டில் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே கெட்டிருக்கின்றன. சுருதியை மட்டும் நிமிர்த்தினால் மிருதங்கம் தப்பான வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். கோட்டைத் திருத்தியதால் சுருதி ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் அந்த இடம் எந்தக் கட்டை என்று மென்பொருள் சொல்லாது. கூட வாசித்த ஆர்மோனியத்தின் சுருதி, அதே பாடகரின் வேறு தட்டுகள், அந்தக் கம்பெனி பதிவு செய்த வேகம் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.