சென்னையில் நூலகவியல் பாடமான வரலாறு

இந்தியாவில் நூலகப் பணிக்கான பயிற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் தம் சமஸ்தானத்தில் நூலகங்களை அமைக்க அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டனை வரவழைத்தார். போர்டன் 1911இல் அங்கே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1915இல் மற்றோர் அமெரிக்கரான ஆசா டான் டிக்கின்சன், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்தினார். இவ்விரு முயற்சிகளும் நூலகத்தை நடத்தத் தெரிந்த ஆட்களை உருவாக்கவே எழுந்தவை. அந்தத் தொழிற்பயிற்சி, தனக்கென ஒரு கோட்பாடு உடைய பல்கலைக்கழகப் பாடமாக வளர்ந்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் தன் முதல் நூலகராக எஸ். ஆர். ரங்கநாதனை நியமித்தது. சீர்காழியில் பிறந்த அவர் அப்போது மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். நூலகப் பணியில் முன் அனுபவம் இல்லாதவர். தொழிலைக் கற்றுவர அவரைப் பல்கலைக்கழகம் பிரிட்டனுக்கு அனுப்பியது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகர் பயிற்சிப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸிடம் பகுப்புமுறை பயின்ற ரங்கநாதன், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்துவிட்டு 1925இல் சென்னை திரும்பினார்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே அச்சங்கம் நூலகப் பணிக்கான கோடைக்காலப் பள்ளியை நடத்தத் தொடங்கியது. 1931இல் அந்தப் பொறுப்பைப் பல்கலைக்கழகமே ஏற்றது. சில மாதச் சான்றிதழ்ப் படிப்பாக இருந்த அது, 1937இல் பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோ படிப்பாக உயர்ந்தது.

படிப்பு நீண்ட அதே ஆண்டுகளில்தான் அதற்குரிய பாடநூல்களும் சென்னையிலேயே எழுதப்பட்டன. நூலகவியலின் ஐந்து விதிகளை ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்டார். புத்தகங்களைப் பூட்டிக் காப்பதைவிட வாசகர் கையில் சேர்ப்பதே நூலகரின் முதல் கடமை என்பது அவ்விதிகளின் சாரம். 1933இல் கோலன் பகுப்புமுறையும், 1934இல் நூற்பட்டியல் விதித் தொகுப்பும், 1937இல் பகுப்புக் கோட்பாட்டு நூலும் வெளிவந்தன.

இவற்றுள் பாடத்தின் தன்மையையே மாற்றியது கோலன் பகுப்புமுறை. அதுவரை பரவலாக வழங்கிய டூயியின் தசமப் பகுப்புமுறை, அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாகவும் ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகவும் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தது. புதிதாக எழும் துறைக்கு அதில் இடம் தேடுவது கடினம். லண்டன் கடை ஒன்றில், சிறு துண்டுகளைப் பொருத்திப் பல வடிவங்களைச் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது ரங்கநாதனுக்கு மாற்றுவழி தோன்றியது. ‘1950களில் தஞ்சையில் நெற்பயிர் நோய்த் தடுப்பு’ என்ற நூல் வந்தால், பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் எனப் பொருளைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் உரிய குறியீட்டை எடுத்து, நிறுத்தற்குறிகளால் கோத்தால் நூலின் எண் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் ‘கோலன்’ எனப்படும் முக்காற்புள்ளி இணைப்புக்குறியாக நின்றதால் முறைக்கும் அதுவே பெயரானது. மனப்பாடம் செய்ய வேண்டிய எண் பட்டியலாக இருந்த பகுப்பு, இதன்பின் ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியாக மாறியது.

படித்தவர்களுக்கு வேலைக்கான வழியை நாட்டு விடுதலைக்குப் பிந்தைய சட்டம் அகலமாக்கியது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வகைசெய்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் அமைய வழிகோலியது. இதற்கிடையே பனாரஸிலும் டெல்லியிலும் பணியாற்றிய ரங்கநாதன், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பும் முனைவர் ஆய்வும் உருவாகத் துணைநின்றார். பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அதைக் கொண்டு அவர் மனைவி சாரதாவின் பெயர் இணைந்த நூலகவியல் பேராசிரியர் பதவி உருவாயிற்று.

அறிவியல் ஆய்விதழ்கள் பெருகியபோது, முழு நூலைத் தேடித் தருவது மட்டும் போதாமல், அதற்குள் இருக்கும் தகவலைக் கண்டெடுத்துக் கொடுக்கும் தேவையும் எழுந்தது. ஆவணமாக்கம் எனப்பட்ட இத்துறைக்காக டெல்லியில் 1952இல் தேசிய ஆவண மையமும், பெங்களூரில் 1962இல் ரங்கநாதன் தலைமையில் ஆய்வு, பயிற்சி மையமும் அமைந்தன. நாடெங்கும் நூலகவியல் துறைகள் படிப்படியாகத் தம் பெயரில் ‘தகவல் அறிவியல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டன. 1980களின் இறுதியில் யுனெஸ்கோ வழங்கிய சிடிஎஸ் ஐசிஸ் மென்பொருள் வகுப்பறைக்கு வந்தது. அட்டைப் பட்டியல் எழுதிப் பழகியவர்களுக்கு அடுத்து வந்தோர் தரவுத்தளம் அமைக்கக் கற்றனர்.

இன்று தகவல் மேலாண்மை பயிலும் மாணவர் மின்னூலகம், தரவுத்தளம், மின் ஆவணப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கற்கிறார். பகுப்புமுறையும் பாடத்திட்டத்தில் தொடர்கிறது. இணையப் பட்டியல்களில் ஆசிரியர், ஆண்டு, பொருள், மொழி என ஒவ்வொன்றாகத் தேர்ந்து தேடலைச் சுருக்கும் வசதியும், ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும் அதே கோட்பாட்டின்படி அமைந்ததே.