வேலை கிடைத்த சொல்

‘டிட் யூ சீ ஹிம்?’ என்றால் ‘அவனைப் பார்த்தாயா?’ இதில் ‘யூ’ என்பது நீ, ‘சீ’ என்பது பார், ‘ஹிம்’ என்பது அவனை. மிச்சமிருக்கும் ‘டிட்’டுக்கு என்ன பொருள் என்று கேட்டால், ‘அது ஹெல்பிங் வெர்ப்’ என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலேயனைக் கேட்டிருந்தாலும் விழித்திருப்பான். அவன் பேச்சில் இந்த அமைப்பே கிடையாது. கேள்வி கேட்க வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் போடுவான்: இன்றைய உச்சரிப்பில் சொன்னால், ‘சா யூ ஹிம்?’ ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் இன்றுவரை அப்படித்தான் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ‘டூ’ வெறும் ‘செய்’தான். கூடவே அதற்கு ஒரு மேஸ்திரி வேலையும் உண்டு: பிறரைக் கொண்டு செய்விப்பது. ராஜா ஒரு கோட்டையை ‘டிட் பில்ட்’ என்றால் கட்டுவித்தான் என்று அர்த்தம். ஆனால் எந்த ராஜா கல் சுமந்தான்? ‘கட்டினான்’ என்றாலும் ‘கட்டுவித்தான்’ என்றாலும் ராஜா விஷயத்தில் ஒன்றுதான். இப்படிப்பட்ட வாக்கியங்களில் புழங்கிப் புழங்கி ‘டிட்’ தன் பொருளை இழந்தது, ‘டிட் பில்ட்’ வெறும் ‘கட்டினான்’ ஆயிற்று என்பது ஒரு விளக்கம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் தென்மேற்குப் பக்கத்துச் செய்யுள்களில் இந்த வெற்று ‘டூ’ தலைகாட்டுகிறது. புலவர்களுக்கு அது கொண்டாட்டம். ஓர் அசை கூடும், வினைச்சொல்லை வரியின் கடைசிக்குத் தள்ளி இயைபு சேர்க்கலாம். வெல்ஷ், கார்னிஷ் போன்ற அக்கம்பக்கத்துக் கெல்டிக் மொழிகளிலும் இதே போன்ற அமைப்பு இருப்பதால் அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கென்னவோ கோட்டைக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் அது எழுத்தெங்கும் பரவியது. சாப்பிட்டார்கள் என்பதற்கு ‘ஏட்’ போதும், ‘டிட் ஈட்’ என்றும் எழுதினார்கள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இதைப் பார்க்கலாம். இந்த ‘டிட்’ ஏதும் அழுத்தம் கொடுக்க வந்ததில்லை, சும்மா நிற்கிறது.

சும்மா நின்றதற்கு வேலை கிடைத்தது கேள்வியில்தான். காரணம் வேறோர் இடத்தில் நடந்த இழப்பு. பழைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபுகளைப் போன்ற விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன. தமிழில் ‘மனிதனை நாய் கடித்தது’ என்று எப்படிப் புரட்டிப் போட்டாலும் கடிபட்டவன் யார் என்பதை அந்த ‘ஐ’ காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் முதலில் வருவது எழுவாய், வினைக்குப் பின்னால் வருவது செயப்படுபொருள், இடம்தான் உருபு. அப்படியிருக்க, கேள்விக்காக வினையைப் பிடுங்கி முன்னால் வைத்தால் எழுவாயும் செயப்படுபொருளும் நடுவில் வேலியில்லாமல் அடுத்தடுத்து நிற்கும். ‘டிட்’டை முன்னால் அனுப்பிவிட்டால் ‘யூ சீ ஹிம்’ என்ற வரிசை அப்படியே கிடக்கும். ‘தவ்’ என்ற பழைய ‘நீ’யோடு வினை ஏற்க வேண்டியிருந்த வாயில் நுழையாத விகுதிகளையும் ‘டிட்ஸ்ட்’ தன் தலையில் வாங்கிக்கொண்டது. மறுப்பில் ‘ஐ நோ நாட்’ போய் ‘ஐ டூ நாட் நோ’ வந்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான், கொஞ்சம் மெதுவாக.

இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணியவர் ஆல்வார் எல்லகோர்ட் என்ற ஸ்வீடன்காரர். 1390 முதல் 1710 வரையான ஆங்கில உரைநடையைச் சலித்து, எந்தெந்த வாக்கியத்தில் ‘டூ’ வருகிறது, எதில் வரவில்லை என்று கணக்கெடுத்து 1953இல் புத்தகமாக வெளியிட்டார். கணினி இல்லாத காலத்து உழைப்பு. மொழி மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அவர் கணக்கில் கேள்வியின் கோடு ஏறிக்கொண்டே போகிறது. சாதாரண வாக்கியத்தின் கோடு மட்டும் 16ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உச்சம் தொட்டு, பிறகு சரிகிறது. ஷேக்ஸ்பியர் எழுதியது இந்தச் சரிவின் காலத்தில். ‘டூ’ உள்ள கேள்வியும் இல்லாத கேள்வியும் ஒரே நாடகத்தில் அவரிடம் கிடைக்கும். கடைசிவரை முரண்டு பிடித்தவை ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ மாதிரி வாயில் சதா புழங்கிய சில வினைகள். எல்லாரும் மாறிய பிறகும் ‘ஐ நோ நாட்’ நெடுங்காலம் உயிரோடிருந்தது.

1711இல் அலெக்சாண்டர் போப், அசை நிரப்ப ‘டூ’வைச் செருகும் கவிஞர்களைக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்த அந்த வரியிலேயே தேவையில்லாத ஒரு ‘டூ’வைச் செருகி வைத்திருப்பார். 1755இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சனும் ‘ஐ டூ லவ்’ என்பது கெட்ட வழக்காகக் கருதப்படுவதாக எழுதி, அதோடு டூ விட்டார். இவர்கள் வந்து சொன்னதால் அது ஒழிந்ததாக நினைக்க வேண்டாம். ஜனங்கள் ஏற்கெனவே வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு வேண்டாத இடத்தில் கழற்றியிருந்தார்கள். இலக்கணக்காரர்கள் வந்து சேர்ந்தது பந்தி முடிந்த பிறகு.

கழற்றிய இடங்களிலும் தடயம் மிச்சமிருக்கிறது. டார்செட், சாமர்செட் கிராமத்துப் பேச்சில் வெற்று ‘டூ’ இந்தக் காலம் வரை நீடித்தது. பத்திரம், பிரமாண வாக்குமூலம் எதை எடுத்தாலும் ‘டூ ஹியர்பை’ இருக்கும். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில முகவுரையிலும் வினைகளுக்கு முன்னால் ஒரு ‘டூ’ நிற்கிறது. எல்கேஜியில் நம் பிள்ளைகள் பாடும் ‘பா பா பிளாக் ஷீப்’ 1744 வாக்கில் அச்சேறிய பாட்டு. அதில் ஆட்டிடம் கம்பளி இருக்கிறதா என்று ‘டூ’ இல்லாமல், ‘ஹேவ்’வைப் புரட்டித்தான் கேட்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு நாலு வருஷம் கழித்து ‘டூ யூ ஹேவ்’ என்பதே சரி என்று சொல்லித்தருகிறோம். இரண்டும் சரிதான். ‘ஹேவ்’ கடைசியாக மசிந்த வினைகளில் ஒன்று. அமெரிக்காவில் முதலில், பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டில்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ‘டிட் யூ வென்ட்?’ ஓட்டுச்சாவடியில் விரலுக்கு மை ஒரு தடவைதான். இறந்தகால மையை ‘டிட்’ வாங்கிக்கொண்ட பிறகு ‘கோ’வுக்கு இன்னொரு சொட்டு கிடையாது. தமிழில் ‘போனாயா’ என்று காலமும் ஆளும் கேள்வியும் ஒரே சொல்லில் அடுக்கிப் பழகியவர்களுக்கு இந்தப் பங்கீடு விசித்திரமாகத் தெரிவது இயல்பு.

ஆனால் அதே ஆள் வீட்டுக்குப் போய், ‘மெயில் சென்ட் பண்ணினியா?’ என்று கேட்கிறார். ‘சென்ட்’ அசையாமல் நிற்கிறது; காலம், ஆள், கேள்வி மூன்றையும் சுமப்பது ‘பண்ணு’. நமக்கும் ஒரு ‘டூ’ முளைத்துவிட்டது. ஆங்கில வினையை நேரடியாகத் தமிழ் விகுதியில் மாட்ட முடியாததால் வந்த ஏற்பாடு அது. பத்திரிகை அலுவலகங்களில் மெய்ப்புத் திருத்துபவர்கள் கண்ட இடத்திலெல்லாம் அதை அடிக்கிறார்கள். போனில் புதிதாக எந்தப் பொத்தான் வந்தாலும் அன்றைக்கே அது ஒட்டிக்கொள்கிறது: ஸ்க்ரோல் பண்ணு, ஸ்வைப் பண்ணு, அன்ஃபாலோ பண்ணு.