திங்கட்கிழமைக்குத் திரும்ப வேண்டிய வண்டி

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில், எங்கள் தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. சில மாதங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலையில், அதன் பின்னிருக்கை திண்ணையில் கிடந்தது. அதன்மீது ஸ்டெப்னியும் ஜாக்கியும் தரைவிரிப்புகளும் அடுக்கப்பட்டிருந்தன. கல்லூரியில் படிக்கும் அவ்வீட்டுப் பிள்ளை, மறுநாள் நடக்கவிருந்த ஆட்டோகிராஸ் போட்டிக்கு வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தான். அருகில் நின்ற தந்தை ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "திங்கட்கிழமை உங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப மாட்டிடுவியாடா?" "மாட்டிடுவேம்பா" என்றான் மகன்.

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. சென்னையின் மோட்டார் பந்தய வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் வென்றவர்களின் வரலாறு. ஓட்டுநர்களின் பெயர்களும் கோப்பைகளும் நிறைந்தது. பந்தயத்துக்கு முந்தைய இரவில் கைவிளக்கின் ஒளியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்களின் வரலாறு அதில் இல்லை. திங்கட்கிழமை அதே வண்டியில் அலுவலகம் செல்ல வேண்டியிருந்த எளிய பந்தயக்காரர்களின் வரலாறும் இல்லை. ஒரு சிறிய, பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்தல் என்னும் கலையை அந்தக் கோணத்திலிருந்து நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டோகிராஸ் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனின் மோட்டார் சங்கங்கள் புல்வெளிகளில் நடத்திய எளிய போட்டியிலிருந்து வளர்ந்தது அது. அமெரிக்காவில் அதே பெயரில், வாகன நிறுத்துமிடங்களில் கூம்புகளை வைத்து நடத்துகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் மண் தடத்தில் நடக்கிறது. தடம் குறுகியது, வளைவுகள் மிகுந்தது. ஓட்டுநர் மோதுவது பக்கத்து வண்டியோடு அன்று, கடிகாரத்தோடு. நெடுந்தூர நேர்ச்சாலை இல்லாததால் மிகுதியான குதிரைத்திறன் அங்கே அவ்வளவாகப் பயன்படாது. ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்கு வண்டி எவ்வளவு தயக்கமின்றித் திரும்புகிறது என்பதே முக்கியம். ஆகவே பழைய சிறிய வண்டிக்கும் அங்கே மரியாதை உண்டு. 1964ஆம் ஆண்டு மாண்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஒரு சின்னஞ்சிறு மினி கூப்பரில் வென்றபோது உலகம் கற்றுக்கொண்ட பாடமும் இதுவேதான்.

*

ஆட்டோகிராஸ் நம்மிடையே பரவுவதற்கு முன்பே சென்னைக்குச் சோழவரம் இருந்தது. சேக்காட்டிலிருந்து ஆவடி, செங்குன்றம் வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம், போர் முடிந்தபின் பயனற்றுக் கிடந்தது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தத் தொடங்கியது. ஆங்கிலத்தின் 'டி' எழுத்தைப் போன்று அமைந்த அந்தத் தளத்தில், 1980களின் இறுதி வரை ஆண்டுதோறும் பந்தயங்கள் நடந்தன. பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள்.

வெளிநாட்டுப் பந்தயக் கார்களை வரவழைக்க முடிந்த செல்வந்தர்களும் அரச குடும்பத்தினரும் அங்கே ஓட்டினார்கள். வரலாறு அவர்களையே நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில், இந்தியாவில் தயாரான வண்டிகளுக்கென்று தனிப் பிரிவுகளும் இருந்தன. அக்கால இந்தியாவில் வண்டி என்றால் மூன்றே பெயர்கள்தாம். உத்தரபாராவிலிருந்து அம்பாசடர், பம்பாய்க் குர்லாவிலிருந்து பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் 1100, நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்ட். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதிய வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய ஒரே வண்டியைத்தான் நடுத்தரப் பந்தயக்காரர் சோழவரத்துக்கு ஓட்டிச் சென்றார். அது உடைந்தால் மாற்று கிடையாது. வண்டியைத் தயார் செய்யும் கலையின் எல்லையை வகுத்தது இந்தப் பற்றாக்குறையே.

ஃபியட்டின் இன்ஜின் 1089 கன சென்டிமீட்டர். நான்கு கியர்களும் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். பின்னால் பட்டை ஸ்பிரிங். குடும்பத்தைச் சுமப்பதற்காகப் பிறந்த இந்த வண்டியை வேகமாக்க அன்றிருந்த வழிகள் சிலவே. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் சற்றே இழைத்தால், பெட்ரோல் கலவை மேலும் நெருக்கப்பட்டு விசை கூடும். காற்றும் புகையும் செல்லும் துளைகளை அரம் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கலாம். கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்கலாம். ஆனால் அளவு மீறி இழைத்தால் இன்ஜினில் 'டக் டக்' என்று அடிப்பு தோன்றும். அன்றைய சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் அளவு குறைவு. அதிக நெருக்கத்தை அது தாங்காது. தாங்காததைச் செய்தால் பிஸ்டனே உருகும். எவ்வளவு இழைப்பது என்பதைவிட, எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்பதை அறிந்தவரே நல்ல மெக்கானிக்.

ஹெரால்டின் சிக்கல் வேறு. சேஸியின்மேல் தனியாகப் பொருத்திய உடல். முழுவதுமாக முன்பக்கம் கவிழும் பானெட். மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பும் திறன். பழுது பார்ப்பவருக்கு அது ஒரு வரம். ஆனால் அதன் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வளைவில் வேகமாகச் சென்று திடீரென்று காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு சக்கரம் உட்புறமாக மடங்கும்; வண்டி பிடியிழக்கும். பந்தயக்காரர்களின் பொதுவான மருந்து, பின்புறத்தைத் தாழ்த்தி, சக்கரங்களின் மேல்விளிம்பு சற்றே உட்புறம் சாயுமாறு வைப்பது. சாதாரண ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும்கூட அந்த அச்சு பிடிக்கவில்லை. 1972இல் வந்த கெசல் என்னும் அடுத்த வடிவத்தில் நிறுவனமே அதைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் இணைக்கும் திட அச்சுக்கு மாறியது.

*

இவ்வேலைகளுக்கெல்லாம் நகரத்தின் மேற்குப் புறநகர் வளமான நிலமாக இருந்தது. பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரை நீளும் சாலையை நினைத்துப் பாருங்கள். பாடியில் 1960களில் எழுந்த ஆலைகளில் பிரேக்ஸ் இந்தியா பிரேக்குகளையும், லூகாஸ் டி.வி.எஸ். மின்கருவிகளையும், வீல்ஸ் இந்தியா சக்கரங்களையும் தயாரித்தன. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலையும், ரானே நிறுவனத்தின் பிரேக் லைனிங் ஆலையும் இருந்தன. ஆவடியில் 1960களில் கனரக ஊர்தி ஆலை விஜயந்தா பீரங்கி வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. இச்சாலையோரம் ஒரு வண்டியின் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் உருவாயின எனலாம். அவ்வாலைகளுக்குச் சிறு உறுப்புகளைக் கடைந்து கொடுத்த பட்டறைகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெருகின. நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகைக் கையாலேயே உணரக்கூடிய தொழிலாளிகள் இத்தெருக்களில் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். கிடைக்காத உறுப்புக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள்; அங்கும் கிடைக்காததற்கு அம்பத்தூரின் லேத். சென்னைக்காரரின் வண்டிப்பெட்டி இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்தது.

*

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், முன்சக்கர இயக்கம், முன்னால் டிஸ்க் பிரேக். எடை ஏறத்தாழ 650 கிலோ. ஃபியட்டையும் அம்பாசடரையும் பழகிய கைகளுக்கு அது முதலில் ஒரு பொம்மையாகவே தோன்றியது. அதன் இன்ஜின் எவ்வளவு பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது என்பதைப் பந்தய உலகம் விரைவில் கண்டுகொண்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அந்த எளிய இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள முறையான பந்தயத் தளம் திறக்கப்பட்டது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார்.

இது பெருமைக்குரிய வரலாறு. எனினும் இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. முறையான தளமும் தனிப் பந்தய வண்டியும் வந்தபின், வீட்டு வண்டியோடு வருபவருக்கு அங்கே இடம் சுருங்கியது. சோழவரத்தின் இந்திய வண்டிப் பிரிவில் இருந்த அந்த எளிய மனிதருக்கு எஞ்சிய திடல் ஆட்டோகிராஸ்தான்.

அங்கே ஒரு பழைய 800ஐ எப்படித் தயார் செய்கிறார்கள்? முதல் விதி, எதையும் சேர்ப்பதற்கு முன் எடுத்துவிடு. கணக்கைப் பாருங்கள். 650 கிலோ வண்டியும் 70 கிலோ ஓட்டுநரும் சேர்ந்து 720 கிலோ. பின்னிருக்கை, ஸ்டெப்னி, கருவிகள், விரிப்புகள் என்று 40 கிலோவை இறக்கினால், மொத்த எடையில் ஐந்தரை விழுக்காடு குறைகிறது. 37 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் அது இரண்டு குதிரைத்திறனைக் கூட்டியதற்குச் சமம். இன்ஜினில் இரண்டைக் கூட்டப் பணம் வேண்டும். இருக்கையைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். மேலும், இன்ஜினில் கூட்டியது வேகமெடுக்கும்போது மட்டுமே உதவும். எடையில் குறைத்தது நிறுத்தும்போதும் திரும்பும்போதும்கூட உதவும்.

இரண்டாவது விதி, ஆட்டத்தை நீக்கு. பல்லாண்டு ஓடிய வண்டியில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கும். பால் ஜாயிண்ட் ஆடும். இன்ஜின் மவுண்டிங் இற்றிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு நொடியின் சிறு பகுதி தொலைந்துபோகிறது. இருபது வளைவுகளில் இருபது முறை தொலைகிறது. புதிய புஷ்களின் விலை சில நூறு ரூபாய்தான்.

மூன்றாவது, காப்பு. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய எண்ணெய் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். ஆகவே அதைப் புதிதாக மாற்ற வேண்டும். முன்சக்கர அச்சுகளின் ரப்பர் உறைகளில் வெடிப்பு இருந்தால் மண் புகுந்து மூட்டைத் தின்றுவிடும். சம்ப்பின் அடியில் கல் படாமல் இரும்புத் தகடு மாட்ட வேண்டும். பேட்டரியை அசையாமல் கட்ட வேண்டும். சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இன்றித் தடத்தில் இறங்க அனுமதி இல்லை. டயரின் காற்றழுத்தத்தையோ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னர் பார்த்துத் திருத்துகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பிறகே ஹெட்டையும் கார்புரேட்டரையும் பற்றிய பேச்சு வர வேண்டும். ஆர்வக்கோளாறு மிகுந்த இளைஞர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, முதலில் சத்தமிடும் சைலன்சரை வாங்கிவிடுகிறார்கள்.

இந்த மூன்று விதிகளையும் கவனித்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். எடுத்ததைத் திரும்ப மாட்டலாம். இறுக்கியதும் மாற்றியதும் அன்றாட ஓட்டத்துக்கும் நன்மையே செய்யும். நிறுவனம் வகுத்த அமைப்பினின்றும் சாலை வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதை, 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. சட்டத்துக்கு முன்பே வறுமை அந்த விதியை நமக்குக் கற்பித்திருந்தது. சோழவரத்து ஃபியட்காரரும் சேக்காட்டு மாணவனும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்பட்டவர்கள். வண்டி திங்கட்கிழமைக்குத் திரும்ப வேண்டும்.

*

இந்த மரபு இன்று நம் கண்முன் நழுவிக்கொண்டிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் நின்றது. சென்னையில் விற்ற கடைசி வண்டிகளுக்கும் 2025இல் 15 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. காற்று மாசைக் குறைக்கும் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும் வண்டிகள் காயலான் கடைக்குப் போகும்போது அவற்றைச் சார்ந்த அறிவும் உடன் போகிறது. கார்புரேட்டரின் மூச்சைக் காதால் கேட்டுத் திருத்தக்கூடிய கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது. அந்த அறிவில் எதுவும் எழுதப்படவில்லை. எழுதத் தக்கது என்று அவர்களிடம் எவரும் சொல்லவுமில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் 800 வாசலில் நின்றது. பின்னிருக்கை தன் இடத்தில் இருந்தது. சக்கர வளைவுகளில் மட்டும் செம்மண் காய்ந்திருந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தந்தை, மாலையில் என்னிடம், "ஸ்டியரிங் முன்ன மாதிரி இழுக்கலிங்க. பய ஏதோ உருப்படியாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். புஷ்களை மாற்றுவதற்கு அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர், அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று பிறகு அறிந்தேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலரின் வீடுகளிலும் அப்படியொரு பெரியவர் இருக்கக்கூடும். சோழவரத்துக்கு முந்தைய இரவில் தாம் என்ன செய்தார் என்று அவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். சென்னையின் பந்தய வரலாற்றில் விடுபட்ட பாதி அவரிடம்தான் இருக்கிறது.