கோணல் மூக்கு: அறுவை சிகிச்சை நிமிர்த்துவதும் நிமிர்த்தாததும்

கோணல் மூக்கு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு குறைகள் இருக்கின்றன. உள்ளே மூக்குத்தண்டு வளைந்து மூச்சை அடைப்பது ஒன்று. வெளியே மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து தெரிவது மற்றொன்று. முன்னதற்குச் செப்டோபிளாஸ்டி, பின்னதற்கு ரைனோபிளாஸ்டி. பலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். நம் நாட்டில் மூக்கு அறுவையின் வரலாறோ அறுபட்ட மூக்கிலிருந்து தொடங்குகிறது. மூக்கரிவது பழங்காலத் தண்டனை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், திருவாரூர்க் கோயிலில் பூவை எடுத்து மோந்த அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்துவிடுகிறார். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கிழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, நெற்றித்தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார்கள். 1794இல் இலண்டன் இதழொன்று அதைப் படத்துடன் வெளியிட்டது. 1814இல் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்பியூ அங்கே அம்முறையைச் செய்துபார்த்தார். அந்த முறை போர்த்தத் தோல் தந்தது, உள்ளே தாங்கும் சட்டத்தைத் தரவில்லை. கோணல் மூக்கின் சிக்கலோ அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

எலும்பை உடைத்து நகர்த்தலாம். நகர்த்திய இடத்தில் அது கூடிக்கொள்ளும். குருத்தெலும்பு அப்படிப் பணியாது. பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். வளைந்ததை முழுக்க வெட்டி எறியவும் முடியாது. மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்தை விட்டுவைக்காவிட்டால் மூக்கின் நடு அமுங்கிப்போகும். முகமே இடமும் வலமும் ஒத்திராதவருக்கு, நேரான மூக்கும் கண்ணாடியில் கோணலாகத் தெரியலாம். அதற்கு மூக்கில் மருந்தில்லை. ஒவ்வாமையால் வரும் தும்மலும் நீரொழுக்கும் தண்டை நிமிர்த்தியதால் நிற்பதில்லை.

தண்டு சற்றே வளைந்தும் தொல்லையின்றி மூச்சுவிடுவோர் ஏராளம், பிறகு கத்தி எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஸ்கேனில் வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுப்பது தவறுதான். ஆனால் அடைப்பால் உண்மையில் அவதிப்படுவோர் நிலை வேறு. நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், அறுவையின்றிச் சமாளித்தவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதல் நிம்மதி பெற்றதைக் காட்டின. இரண்டும் அளந்தது மூக்கின் தொல்லையையும் உடல்நலத்தையும், அழகை அல்ல. அழகுக்காகப் போகிறவர் இந்த எண்களைத் துணைக்கு அழைக்க முடியாது. வீக்கம் முழுதாக வடிந்து இறுதி வடிவம் தெரியவே ஓராண்டு ஆகலாம். அடிபட்டுக் கோணியது மட்டும் அவசரக் கணக்கு: விலகிய எலும்பைப் பெரியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் இருப்பிடத்தில் வைக்கலாம், தண்டுக்குள் இரத்தம் கட்டினாலோ அன்றே கீறி வெளியேற்ற வேண்டும், விட்டால் குருத்தெலும்பு செத்துவிடும்.